சேது வழிச் சத்திரங்கள்

1914-இல் பாம்பன் கடலின்மேல் ரயில் பாலம் திறக்கப்படுவதற்கு முன், காசியிலிருந்து செம்பில் அடைத்த கங்கா தீர்த்தத்தைச் சுமந்துகொண்டு இராமேசுவரத்துக்குக் கால்நடையாகவே வந்த யாத்ரீகர்கள், மாதக்கணக்கில் வெயிலையும் மழையையும் சகித்துக்கொண்டார்கள். பொழுது சாய்ந்தபின் எங்கே தலைசாய்ப்பது என்ற கவலைதான் அவர்களை மிகவும் வாட்டியிருக்கும். தஞ்சைச் சீமைக்குள் கால் வைத்ததும் அந்தக் கவலை பெரும்பாலும் நீங்கிற்று. அங்கே மராத்திய மன்னர்கள், சேது எனப்படும் இராமேசுவரம் செல்லும் பாதை நெடுகிலும் ராஜ ஸ்திரீகளின் பெயரால் சத்திரங்களை நிறுவியிருந்தார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில், இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் பெயரால் 1802-இல் எழுப்பிய சத்திரம். ஒரத்தநாட்டுக் கட்டடத்தின் அடித்தளத்துக் கற்களில், யானைகளும் குதிரைகளும் தேரிழுக்கும் பாவனையில் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், வழிப்போக்கன் ஓரிரவு படுத்தெழும் இடத்துக்கா இவ்வளவு வேலைப்பாடு என்று மனம் நெகிழ்கிறது.

இத்தகைய சத்திரங்களில் நடந்த தர்மத்தைப் பற்றி, 1801-இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமே நமக்குச் சிறந்த சாட்சி. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா ஜாதியாருக்கும், யோகி, பைராகி, அதிதி யாவருக்கும் அங்கே அன்னமுண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மிளகு முதலிய சாமான்களும் அளக்கப்பட்டன. நடுநிசி வரை சோறிட்டு முடித்தபின் ஒரு மணி அடிப்பார்களாம். இருட்டில் வழி தப்பித் தாமதமாக வந்தவனோ, கேட்கக் கூசித் திண்ணை மூலையில் சுருண்டு கிடப்பவனோ, இன்னும் உண்ணாதவன் எவனாயினும் எழுந்து வந்து தன் பங்கைப் பெற்றுக்கொள்வதற்கான அழைப்பு அது. பசித்தவனின் கூச்சத்தை அறிந்து அந்த மணியை ஏற்பாடு செய்தவர் யாராயினும், அவரை நான் மனமார வணங்குகிறேன்.

நடந்து களைத்தவர் நோயில் விழுந்தால் வைத்தியமும் மருந்தும் அங்கேயே கிடைத்தன. மரித்தவர்களுக்கு அவரவர் ஜாதி வழக்கப்படி ஈமக்கிரியை நடந்தது. கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. வழியில் பிரசவ வேதனை கண்ட பெண், பிள்ளை பெற்றபின் மூன்று மாதம் வரையில் சத்திரத்திலேயே தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் நெல் அளந்தவை, சத்திரங்களுக்கென்றே மானியமாக எழுதிவைக்கப்பட்ட கிராமங்கள். ராஜ்யத்தின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போய்விட்ட அந்த நாளில், சத்திரங்களாவது தம் பொறுப்பில் நிற்கவேண்டும் என்று மன்றாடத்தான் சரபோஜி அக்கடிதத்தை எழுதினார்.