தரம் பிரிக்கக் கற்ற சிறு கம்ப்யூட்டர்

மிளகாய் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்த மாத்திரத்தில், "இது முதல் தரம், இது கலப்பு" என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம் மண்டிகளில் உண்டு. புளியாகட்டும், பருப்பாகட்டும், சரக்கின் விலையைத் தீர்மானிப்பது தரம். தரத்தைத் தீர்மானிப்பது பழகிய கண். அந்தக் கண் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. சீசன் நேரத்தில் மூட்டை தூக்க ஆள் கிடைத்தாலும், தரம் பார்க்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறோம்.

இதே சங்கடம் ஜப்பான் நாட்டில், ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளரி விவசாயக் குடும்பத்துக்கும் இருந்தது. அக்குடும்பத்தின் மகன் அதற்கு 2016-ஆம் ஆண்டில் கண்ட வழி உலகமெங்கும் பேசப்பட்டது. வெற்றியும் சறுக்கலும் கலந்த அந்த அனுபவம் வணிகர்களாகிய நமக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

தாயாரின் எட்டு மணி நேரம்

மகோட்டோ கோய்கே மோட்டார் வாகனத் துறையில் கம்ப்யூட்டர் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். பெற்றோருக்கு உதவத் தோட்டத்துக்குத் திரும்பியபோது, விளைவிப்பதற்கு ஈடான உழைப்பு தரம் பிரிப்பதிலும் போவதைக் கண்டார். அங்கே வெள்ளரிக்காயை 9 தரங்களாகப் பிரிக்கிறார்கள். நீளம், பருமன் மட்டுமல்ல. நிறம், வளைவு, கீறல், மேலே உள்ள சிறு முட்கள் என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நேராகவும் பளிச்சென்றும் முட்கள் உதிராமலும் இருக்கும் காய்க்கு நல்ல விலை.

இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர் அவருடைய தாயார். அறுவடை மும்முரத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை இதற்கே போயிற்று. கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால், இதைக் கற்றுக்கொள்ளவே பல மாதங்கள் ஆகும். கற்று முடிப்பதற்குள் சீசன் முடிந்துவிடும்!

அந்த 2016 மார்ச் மாதம் கூகிளின் ஆல்ஃபாகோ என்ற கம்ப்யூட்டர், கோ ஆட்டத்தில் கொரிய வீரர் லீ செடோலை 4-க்கு 1 என்ற கணக்கில் வென்றது. அம்மாவின் கண்ணுக்குத் தெரிந்ததைக் கம்ப்யூட்டருக்கும் கற்றுத் தரலாம் என்று கோய்கே துணிந்தார்.

அட்டை அளவுக் கம்ப்யூட்டர்

அவர் எடுத்துக்கொண்டது ராஸ்பெரி பை 3 என்ற ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர். இங்கிலாந்தில் மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்பிப்பதற்காக 2012-இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்தது. ஏறக்குறைய நம் ஏ.டி.எம். அட்டையின் நீள அகலம்தான். 2016-இல் வெளிவந்தபோது இதன் விலை 35 டாலர்.

இந்தப் பலகை காமிரா மூலம் படம் எடுத்து, அது வெள்ளரிக்காய்தானா என்று முதலில் பார்க்கும். பிறகு படத்தைப் பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அது 9 தரங்களில் எது என்று சொல்லும். ஆர்டுயினோ என்ற இன்னொரு சிறு பலகை, காயைத் தள்ளும் பெல்ட்டை இயக்கி உரிய பெட்டியில் சேர்க்கும். கண் ஒன்று, மூளை ஒன்று, கை ஒன்று, அவ்வளவுதான் விஷயம்.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை

இத்தகைய பலகையை அமைக்க விரும்புவோர் சில விஷயங்களில் அலட்சியம் காட்டக் கூடாது.

முதலாவது, மின்சாரம். கைக்குக் கிடைத்த செல்போன் சார்ஜரைச் சொருகினால் மின்சாரம் போதாமல் பலகை தடுமாறும். அதற்கென்றே உள்ள சப்ளையை வாங்க வேண்டும். இதன் இயக்க மென்பொருள் சிறு மெமரி கார்டில் பதியப்படுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெட்டுவிடலாம். எனவே பாட்டரி துணை இருப்பது நல்லது. கார்டுக்கு ஒரு நகலும் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, காமிரா. பலகையை அணைத்த பிறகே அதன் பட்டை வயரைச் சொருக வேண்டும். காமிரா அசையாமல் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, வெளிச்சம். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். காலை வெயிலில் எடுத்த படமும் மாலை விளக்கில் எடுத்த படமும் கம்ப்யூட்டருக்கு வெவ்வேறு சரக்கு. நாற்புறமும் மூடிய பெட்டிக்குள், ஒரே விளக்கில், சரக்கின் நிறத்துக்கு மாறான ஒரே நிறப் பின்னணியில் படம் எடுக்க வேண்டும்.

நான்காவது, சூடு. அதிகம் சூடேறினால் பலகை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிறு விசிறி பொருத்துவதும், தூசி படியாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

95 ஏன் 70 ஆயிற்று?

பொருத்துவது சில நாள் வேலை. கற்பிப்பதுதான் பெரிய வேலை. தாயார் பிரித்து வைத்த காய்களை கோய்கே 3 மாதங்கள் படம் எடுத்தார். ஏறத்தாழ 7,000 படங்கள் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்த 2, 3 நாட்கள் ஆயின. சோதனைப் படங்களில் 95 சதவிகிதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது.

ஆனால் தோட்டத்தில் வேலைக்கு வைத்தபோது அது சுமார் 70 சதவிகிதமாக இறங்கிவிட்டது!

காரணம், 7,000 படங்களும் போதவில்லை. ஒரே நோட்ஸை மனப்பாடம் செய்த மாணவன், கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் விழிப்பதைப் போன்றது இது. மேலும், வேலையை எளிதாக்க அவர் மிகச் சிறிய படங்களையே பயன்படுத்தினார். அதனால் வடிவம், நீளம், வளைவு ஆகியவை தெரிந்தன. நிறமும் கீறலும் முட்களும் தெரியவில்லை. தாயாரின் கண் பார்த்ததில் பாதியைத்தான் கருவி பார்த்தது.

நமக்கு என்ன பாடம்?

கருவியின் பார்வை நமக்குப் புதிதல்ல. அரிசி ஆலைகளில் உள்ள கலர் சார்ட்டர் இயந்திரம், விழுகின்ற அரிசியைக் காமிராவால் பார்த்து, கறுப்பு அரிசியைக் காற்றால் தட்டிவிடுகிறது. நாம் "சார்ட்டெக்ஸ் அரிசி" என்று விற்பது அப்படிச் சுத்தமானதுதான். அது பெரிய முதலீடு. சிறு பலகைக் கம்ப்யூட்டரோ சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவது.

ஆயினும் 70 சதவிகிதம் என்றால் 100-க்கு 30 தவறு. முதல் தரம் மட்டத்தில் கலந்தால் நமக்கு நஷ்டம். மட்டம் முதல் தரத்தில் கலந்தால் வாடிக்கையாளரிடம் நம் பெயர் போகும். பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம், பெயரை முடியாது. எனவே யாராவது "95 சதவிகிதம் சரியாகப் பிரிக்கும்" என்று கருவி விற்க வந்தால், "எந்தச் சரக்கில் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். நம் கடைச் சரக்கை, நம் வெளிச்சத்தில், அது முன்பு பார்த்திராத ஒரு மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு விலை பேசலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தக் கருவிக்கு ஆசிரியராக இருந்தது கோய்கேயின் தாயார். அவர் பிரித்துத் தந்த காய்கள் இல்லையேல் 7,000 படங்களும் வெறும் படங்களே. நம் கடைகளிலும் பல ஆண்டுகளாகத் தரம் பார்த்துவரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கருவி வாங்குகிறோமோ இல்லையோ, அவர்கள் பிரிக்கும் விதத்தைத் தரவாரியாகப் படமெடுத்து, காரணத்தையும் கேட்டு எழுதி வைப்போம். நாளைக்கு வருகிற கருவிக்கும் அது பாடமாகும். இன்றைக்கு வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் அது பாடமாகும்.