‘இன்று வேண்டாம்’ என்று யார் சொல்வது?

2011 டிசம்பர் 25, பழவேற்காடு ஏரி. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி மலை. 2023 மே 7, மலப்புறம் மாவட்டத்துத் தானூர்க் கடற்கரை. முதல் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் படகு கவிழ்ந்து 22 பேர் வீதம் இறந்தார்கள். குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இந்த மூன்று நாள்களும் ஞாயிற்றுக்கிழமைகள். ஒருநாள் உல்லாசப் பயணத்தின் அடிப்படைச் சிக்கலே இந்தக் கிழமையில்தான் இருக்கிறது. வாரம் முழுக்க உழைக்கிற குடும்பத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு விடுமுறை. காலையில் வேன் பிடித்துப் போய் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். ஆறு பெருகியிருந்தாலும், புல் காய்ந்து கிடந்தாலும் ‘நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல அவர்களுக்கு நாளை இல்லை. படகுக்காரருக்கும் அப்படித்தான், வாரத்தின் வருமானமே அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. போயே ஆகவேண்டும் என்று இரு தரப்பும் நினைக்கும்போது, தடுக்க அங்கே யாருமே இருப்பதில்லை.

விபத்துக்குப் பிறகு நாம் ‘அனுபவமில்லாதவர்கள்’, ‘அலட்சியம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடந்தவற்றைப் பார்த்தால், பெரும்பாலும் அறிவுக்குக் குறைவில்லை. அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் படகு கவிழும் என்பது தானூர்க் கரையில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும். இருந்தும் அந்தப் படகு நெரிசலோடு, இருட்டிய பிறகு கிளம்பியது. மார்ச்சில் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகள் தீக்குக் காத்திருப்பதும், சரிவில் தீ மேல்நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும் என்பதும் காட்டோரத்து மக்கள் பரம்பரையாக அறிந்தவை. அறிவு இருந்தது, அதற்கு அதிகாரம் இல்லை. அரசே நடத்தினால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்து 45 பேரைப் பலிகொண்ட ‘ஜலகன்யகா’ கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமான படகுதான்.

தடுக்கும் அதிகாரம் சரியான கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒகேனக்கல் நல்ல எடுத்துக்காட்டு. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்தைக் கனஅடிக் கணக்கில் அளக்கிறார்கள். அந்த அளவு ஏறிவிட்டால் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை போடுகிறது. முடிவு பரிசல் ஓட்டியின் பையையோ, பயணியின் கெஞ்சலையோ பார்த்து எடுக்கப்படுவதில்லை. ஓர் எண்ணைப் பார்த்து எடுக்கப்படுகிறது. குற்றாலத்திலும் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை உண்டு. ஆனால் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. மழை மலைக்கு மேலே பெய்யும். கீழே வெயில் அடிக்கும். அருவிக்கடியில் நிற்பவர் கண்ணால் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பதால்தான் முடிவு அவருக்கு வெளியே இருக்கவேண்டும் என்கிறேன்.

இப்படியெல்லாம் கட்டுப்படுத்தினால் சாகசத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. மூச்சு வாங்க மலையேறுவதும், பரிசல் நடு ஆற்றில் சுழலும்போது வயிறு கலங்குவதும், பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் குறுகலான ஓடைகளில் வேர்களுக்கு அடியில் குனிந்து போவதும்தான் இந்தப் பயணங்களின் உயிர். அவற்றை யாரும் பறிக்கக் கூடாது. ஆனால் படகு எத்தனை பேரைத் தாங்கும் என்பதோ, பக்கத்து மலைச்சரிவில் தீ இருக்கிறதா என்பதோ பயணி தெரிந்து ஏற்றுக்கொண்ட ஆபத்துகள் அல்ல. அறியாமல் தலைமேல் விழுவதற்குச் சாகசம் என்று பெயர் சூட்டுவது நேர்மையல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு பரிசல் ஓட்டிகளிடமிருந்து வருவது. தடை போடுகிறவருக்குச் சம்பளம் வந்துவிடும், எங்கள் அடுப்பு எப்படி எரியும் என்று அவர்கள் கேட்கிறார்கள். காவிரியில் வெள்ளம் நீடித்தால் அந்தக் குடும்பங்களுக்கு அத்தனை நாளும் வருமானம் இல்லை. இதற்குப் பதில் தராமல் போடும் எந்த விதியும் கரையோரத்தில் திருட்டுத்தனமாக மீறப்படும். தடை நாள்களுக்கான கூலியைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி. அப்படிச் செய்தால் டிக்கெட் விலை ஏறும். ஏழைக் குடும்பத்துக்கு அது சுமைதான். அந்தக் கூடுதலை ஏழைப் பயணியின் தலையில் கட்டாமல் சுற்றுலாத் துறை ஏற்க வேண்டும்.

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளை முறைப்படி திறந்தது. இணையத்தில் பதிவு, உடன்வர மலைக்கிராமங்களைச் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டிகள், காட்டுத்தீப் பருவத்தில் பாதைகளுக்குப் பூட்டு என்ற இந்த ஏற்பாடு சரியான திசையில் போகிறது. ஆனால் காட்டை அறிந்தவரை வழிகாட்டியாக வைத்தால் மட்டும் போதாது. பாதி வழியில் ‘திரும்புவோம்’ என்று அவர் சொன்னால் அன்றைய கூலி குறையாது என்ற உறுதி எழுத்தில் வேண்டும்.

அடுத்த விடுமுறைக்குப் படகையோ மலைநடையையோ பதிவுசெய்யும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எந்த நிலையில் பயணத்தை நிறுத்துவீர்கள், நிறுத்தினால் பணம் திரும்ப வருமா? பதிலில் மழுப்பல் இருந்தால் வேறு இடம் பாருங்கள். படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிக் கட்டுங்கள். மடியில் வைத்திருக்கும் ஜாக்கெட் யாரையும் மிதக்க வைக்காது. ‘இன்று வேண்டாம்’ என்று ஒரு பரிசல்காரர் சொன்னால் அவரோடு பேரம் பேசாதீர்கள்.