வரையத் தெரியாதவர்களும் வரையலாம்

மருத்துவமனைக்கு வருவோர் சிகிச்சை பெறும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே அதிகம். ஓ.பி. சீட்டுக்காக, இரத்தப் பரிசோதனை முடிவுக்காக, ஸ்கேன் அறையின் கதவு திறப்பதற்காக, மருத்துவர் சுற்றுக்கு வருவதற்காக என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியுள்ளது. உள்நோயாளியின் நிலை இன்னும் கடினமானது. எப்போது உண்பது, எப்போது உறங்குவது, எந்தக் கையில் ஊசி போடுவது என்பவற்றையெல்லாம் பிறரே தீர்மானிக்கின்றனர். உடனிருந்து கவனிப்பவரோ, தாமாகச் செய்வதற்கு ஏதுமின்றி, வேண்டாத எண்ணங்களோடு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். இந்த நேரத்தில் ஒரு பென்சிலும் ஒரு தாளும் நமக்கு என்ன செய்யக்கூடும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

"எனக்கு வரைய வராது" என்பதே பெரும்பாலோர் கூறும் முதல் பதில். ஆகவே, ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்று பட்டம் பெறாத ஒருவரிடமிருந்தே தொடங்குவோம்.

அறுபதுக்குப் பின் தூரிகை எடுத்தவர்

1861ஆம் ஆண்டு பிறந்த இரவீந்திரநாத் தாகூரைக் கவிஞராகவே நாம் அறிவோம். 1913இல் அவர் நோபல் பரிசு பெற்றதும் கவிதைக்காகவே. ஆனால், அறுபது வயதைக் கடந்த பிறகு அவர் ஓவியத்தில் தீவிரமாக ஈடுபட்டார் என்பதும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை விட்டுச் சென்றார் என்பதும் பலர் அறியாதவை.

அவருடைய ஓவியம் தொடங்கிய விதம் எளிமையானது. கவிதை எழுதும்போது வேண்டாத சொற்களை அடித்துவிடுவது எல்லோரும் செய்வதுதான். தாகூர் அந்த அடித்தல்களை அப்படியே விட்டுவிடவில்லை. ஓர் அடித்தலை மற்றோர் அடித்தலோடு கோட்டால் இணைத்தார். இணைத்த கோடுகள் ஓரிடத்தில் பறவையாகவும், ஓரிடத்தில் பெயர் தெரியாத விலங்காகவும், ஓரிடத்தில் மனித முகமாகவும் ஆயின. 1924இல் பெரு நாட்டுக்குப் பயணம் செய்த அவர், வழியில் நோயுற்று, அர்ஜென்டினாவில் விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளரின் விருந்தினராகத் தங்கி ஓய்வெடுக்க நேர்ந்தது. அக்காலத்தில் எழுதிய 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் படியில் இத்தகைய உருவங்கள் நிறைந்துள்ளன. அவற்றைக் கண்டு வியந்த ஒகாம்போவின் முயற்சியால் 1930ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் தாகூரின் ஓவியங்கள் முதன்முறையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அவர் தூரிகையை மட்டும் நம்பியிருக்கவில்லை; விரலாலும் துணியாலும்கூட வண்ணம் தீற்றினார். பெரும்பாலான ஓவியங்களுக்குப் பெயரும் இடவில்லை. இது இன்னது என்று விளக்க வேண்டிய கடமை தமக்கு இல்லை என்பதுபோல் அவற்றைப் பார்ப்பவரிடமே விட்டுவிட்டார்.

1937 செப்டம்பரில் தாகூர் கடும் நோயால் நினைவிழந்தார். இரண்டு நாட்களுக்குப் பின் நினைவு திரும்பி உடல் தேறத் தொடங்கியபோது, அவர் வண்ணமும் தூரிகையும் கேட்டு வாங்கி, ஒரு பலகைத் துண்டின்மேல் இயற்கைக் காட்சி ஒன்றைத் தீட்டினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. எழுபத்தாறு வயதில், சாவின் வாயிலிலிருந்து மீண்ட ஒருவர், தம் கை இன்னும் தம் சொற்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொண்ட செயலாகவே இதனை நாங்கள் கருதுகிறோம்.

நோய்ப்படுக்கையும் வண்ணப் பெட்டியும்

நோயாளியின் கைக்கு வண்ணம் வந்து சேர்ந்த வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. பிரான்சு நாட்டில் ஹென்றி மத்தீஸ் என்ற இளைஞர் வழக்குரைஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். இருபது வயதளவில் குடல்வால் அழற்சியால் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பொழுது போவதற்காக அவருடைய தாயார் ஒரு வண்ணப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெட்டியே அவருடைய வாழ்க்கையை மாற்றி, இருபதாம் நூற்றாண்டின் பெரும் ஓவியர்களில் ஒருவராக அவரை ஆக்கியது. பிற்காலத்தில், 1941இல் புற்றுநோய்க்காக வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, அவரால் முன்போல் நின்று வரைய இயலவில்லை. அப்போது வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி உருவங்கள் அமைத்தார். சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடி அவர் செய்த அந்தக் காகித வேலைகள் இன்று உலகின் புகழ்பெற்ற அருங்காட்சியகங்களில் உள்ளன.

எல்லோரும் தாகூராகவோ மத்தீஸாகவோ ஆக வேண்டும் என்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. வண்ணப் பெட்டியை வாங்கிக் கொடுத்த அந்தத் தாயாரை நினைவூட்டவே சொல்கிறோம். நோயாளிக்குப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவோர், அடுத்த முறை ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வாங்கி வரலாம்.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமால் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. நலமாக உள்ள 39 பேருக்குக் காகிதம், வண்ணப் பேனா, களிமண் ஆகியவற்றைத் தந்து, 45 நிமிடம் விரும்பியதைச் செய்யவிட்டனர். தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் அவர்களுடைய உமிழ்நீரில் கார்டிசால் என்ற சுரப்பின் அளவைச் சோதித்தனர். மன அழுத்தத்தின்போது கூடும் அச்சுரப்பு, ஏறத்தாழ முக்கால் பங்கினருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரையப் பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை.

பார்ப்பது பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டு, 1984இல் வெளியிட்டார். 23 பேருக்குச் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

இவை சிறு ஆய்வுகள். வரைவதோ பார்ப்பதோ நோயைக் குணப்படுத்திவிடும் என்று இவை கூறவில்லை. நாங்களும் கூற மாட்டோம். மருந்து தன் வேலையைச் செய்யும் நேரத்தில் மனத்தின் சுமை சற்றுக் குறைய வழி உண்டு என்பதே இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

வலியைத் தெரிவிப்பதற்கும் படம் உதவுகிறது. முகம் சுளித்த, சிரித்த, அழுத ஆறு முகங்கள் கொண்ட அட்டையைக் காட்டி, "உனக்கு எந்த முகம்போல் வலிக்கிறது?" என்று குழந்தைகளிடம் கேட்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். 1980களில் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் ஆகிய இருவரும் அதை உருவாக்கியபோது, குழந்தைகளையே வெற்று வட்டங்களுக்குள் முகம் வரையச் செய்து, அவற்றின் அடிப்படையில் அமைத்தனர். சொல்லத் தெரியாத வலியைக் குழந்தைகள் வரைந்து காட்டினர். மருத்துவ உலகம் அதனை ஏற்றுக்கொண்டது.

பார்ப்பதும் ஒரு பயிற்சி

வரைய இயலாத நிலையில் உள்ளவர்கள் பார்க்கலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவது மேற்கூரை ஒன்றே. மேற்கூரையைப் பார்ப்பதற்கென்றே நம் முன்னோர் தீட்டிய ஓவியம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் உள்ளது. அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையில், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தைச் சேர்ந்த தாமரைக் குளம் ஒன்று தலைக்கு மேலே விரிந்திருக்கிறது. குளத்தில் மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள், தாமரை பறிக்கும் மனிதர்கள் ஆகியோர் உள்ளனர். காலப்போக்கில் சிதைந்திருப்பினும், அதன் படம் கைப்பேசியில் எளிதில் கிடைக்கும். அதனை நோயாளிக்குக் காட்டி, மீன்கள் எத்தனை, எந்த மலர் மொட்டாக உள்ளது, முதலில் கண் எங்கே சென்றது என்று பேசிக்கொண்டிருங்கள். ஒரே படத்தோடு ஐந்து நிமிடம் இருப்பது, ஐந்து நிமிடத்தில் ஐம்பது படங்களைத் தள்ளிவிடுவதிலிருந்து மிகவும் வேறானது.

தொலைவில் தேட வேண்டிய தேவையும் இல்லை. நம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் சாமி படங்களுக்கு அருகே, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் படமும் மாட்டப்பட்டிருக்கும். நாட்காட்டியில் வரும் முருகனையும் மீனாட்சியையும் பார்த்தே நாம் வளர்ந்தோம். அத்தகைய நாட்காட்டி ஓவியங்களில் பெரும்புகழ் பெற்றவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு. அவருடைய படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் சென்றன. அவர் பயின்ற சென்னைக் கலைப்பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுவே. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்துக்கும் ஒரு மருத்துவருக்கும் இப்படியோர் உறவு இருக்கிறது.

செய்து பார்க்கச் சில சோதனைகள்

கீழ்வரும் பயிற்சிகளை எழுதும் முன் நாங்களும் செய்து பார்த்தோம். எங்கள் படங்களில் டிரிப்ஸ் ஸ்டாண்டு கொக்கைப் போலவும், பிளாஸ்க் பூசணிக்காய் போலவும் அமைந்தன. ஆயினும் அந்தக் கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

முதலாவது: தாளைப் பார்க்காமல் உங்கள் இடக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு, விரல்களின் ஓரத்தை எறும்பு ஊர்வதுபோல் மெல்லக் கண்ணால் தொடருங்கள். கண் நகரும் வேகத்திலேயே பென்சிலும் நகரட்டும். முடிந்த பிறகே தாளைப் பாருங்கள். படம் கோணலாகத்தான் இருக்கும். ஆனால், இத்தனை ஆண்டுகள் உடனிருந்த கையில் இத்தனை மடிப்புகள் இருப்பது அன்றுதான் தெரியவரும்.

இரண்டாவது: தாகூரின் வழி. தாளில் மனம்போனபடி ஒரு கிறுக்கல் போடுங்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் ஓர் உருவம் தென்பட்டால் ஒரு கண்ணோ மூக்கோ சேர்த்து நிறைவு செய்யுங்கள். ஒருவர் கிறுக்க, மற்றவர் உருவம் காணலாம். குழந்தைகளின் படுக்கையருகே இது நன்றாக நடக்கும்.

மூன்றாவது: நாளிதழில் வந்த ஒரு கோட்டுச் சித்திரத்தைத் தலைகீழாக வைத்து, தெரியும் கோடுகளை மட்டும் பார்த்து வரையுங்கள். மூக்கு, வாய் என்று பெயர் சொல்லி வரையும்போது மனம் தானறிந்த மூக்கையே வரைகிறது. தலைகீழாக வைத்தால், பெயரை மறந்து கோட்டைப் பார்க்கிறோம்.

நான்காவது: ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது என்றால், மற்றக் கையால் வரையுங்கள். பழகாத கை என்பதால் அதனிடம் யாரும் அழகை எதிர்பார்ப்பதில்லை. அதுவே ஒரு விடுதலை.

ஐந்தாவது: கோலம். விடியற்காலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைத்துப் பழகிய பெண்கள், "எனக்கு வரைய வராது" என்று சொல்வது வியப்புக்குரியது. பதினைந்து புள்ளி வைத்து, கையெடுக்காமல் சிக்குக் கோலத்தை வளைத்து முடிப்பவரின் கையில் இல்லாத தேர்ச்சி எதுவுமில்லை. வாசலை விட்டு வந்து நாட்கணக்கில் வார்டில் இருக்கும் அம்மாவிடம் கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

பென்சில், பால்பாயிண்ட் பேனா, மெழுகு வண்ணம் ஆகியவை போதும். தூசு பறக்கும் சாக்பீஸ், மணம் வீசும் டர்பன்டைன், எண்ணெய் வண்ணம் ஆகியவை வார்டுக்குள் வேண்டாம். மருத்துவக் குறிப்பேட்டிலும் மருந்துச் சீட்டிலும் வரையாதீர்கள். வரையும் முன்பும் பின்பும் கைகளைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பக்கத்துப் படுக்கை நோயாளியை வரைய விரும்பினால் அவருடைய அனுமதியைப் பெறுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் எழுந்து உட்காரலாமா, கையை அசைக்கலாமா என்பதைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளி வரைய விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அருகில் அமர்ந்து நீங்கள் வரையுங்கள். பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம்.

எதை வரைவது என்று தோன்றாதவர்கள் கண்ணெதிரே உள்ள டம்ளரிலிருந்தோ தூக்குவாளியிலிருந்தோ தொடங்கலாம். ஊர் நினைவு வந்தால், பழனிசெட்டிபட்டித் தடுப்பணையில் முல்லைப் பெரியாறு வழிந்து இறங்குவதையும், அதன் பின்னே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதையும் நினைவிலிருந்து வரையலாம். மலை சற்றுச் சரிந்து போனால் மலை கோபித்துக்கொள்ளாது.

வரைந்த ஒவ்வொரு தாளிலும் தேதியைக் குறித்து வையுங்கள். சில நாட்கள் கோடு நடுங்கும். சில நாட்கள் பேனாவைத் தொடவே மனம் வராது. அதனால் குறையொன்றுமில்லை. வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு அந்தத் தாள்களையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அந்தச் சம்மரியில் இருக்கும். அந்நாட்களில் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது உங்கள் தாள்களில் மட்டுமே இருக்கும்.