பலகையில் எழுதிய வளைவு

இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு

பனி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆளுயரத்துக்கு வெண்பனி கொட்டிக் கிடக்கும் மலைச்சரிவுகள் உலகில் பல உண்டு. அச்சரிவில் ஒரே ஒரு பலகையின்மேல் பக்கவாட்டில் நின்று, கடலலைமேல் சறுக்குவோரைப் போல இடமும் வலமும் சாய்ந்து வளைந்து இறங்கும் ஒரு கலையைப் பற்றியதே இக்கட்டுரை. நான் அத்தகைய பனியைத் தொட்டவனல்லன். ஆயினும் இதைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இக்கலையின் கணக்குகளில் பெரும்பாலானவை நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்து மேசைமேலேயே கிடக்கின்றன. அவற்றை மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்து முடித்துவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம்!

பலகை பிறந்த கதை

1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்னும் ஊரில் ஷெர்மன் பாப்பென் என்பவர் தம் பெண்மக்கள் விளையாடுவதற்காகப் பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். பனியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் அலைச்சறுக்கைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து அவருடைய மனைவி அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயரிட்டார். ஆக, பிறக்கும்போதே இப்பலகை பெயரில் பாதியைக் கடலிடமிருந்து பெற்றுக்கொண்டது.

1970களில் டிமிட்ரி மிலோவிச் என்னும் இளைஞர் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு, யூட்டா மாநிலத்து மலைகளுக்குச் சென்று, அலைச்சறுக்குப் பலகையின் வடிவிலேயே பனிப்பலகைகள் செய்தார். ‘விண்டர்ஸ்டிக்’ என்று பெயர் பெற்ற அப்பலகைகளில் சிலவற்றின் வால், தகைவிலான் குருவியின் வாலைப் போல இரண்டாகப் பிளந்திருந்தது. ஆழமான தூள்பனியில் வால் அமிழ்ந்து முகப்பு மேலெழும்ப அது உதவியது. 1977இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேக் பர்ட்டன் கார்பென்டர் தம் பெயரால் தொழிலைத் தொடங்கினார். விளையாட்டு பரவியது. 1998இல் ஜப்பானின் நாகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம்பெற்றது.

அதே ஜப்பானில், வடக்கே ஹொக்கைடோ தீவின் நிசெகோவில், டாரோ தமாய் என்பவர் ‘கெண்டெம்ஸ்டிக்’ என்னும் பெயரில் பலகைகள் வடிவமைத்தார். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை உறிஞ்சி, அத்தீவின் மலைகளில் மென்மையான வெண்பனியாகக் கொட்டுகிறது. 1898 மீட்டர் உயரமுள்ள யோடெய் எரிமலை எதிரே நிற்க, அப்பனியில் தாவிக் குதித்து வித்தை காட்டுவதைவிட, மலையின் மேடுபள்ளங்களை அலைகளாகக் கருதி வளைந்து இறங்குவதே அவர் நாடிய கலை. ‘பனி அலைச்சறுக்கு’ என்று அதை அழைக்கிறார்கள். வித்தைக்கான பலகைக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தால் நலம். வளைவுக்கான பலகைக்கோ முகப்பு வேறு, வால் வேறு.

இருவகைத் திருப்பம்

பலகையைத் திருப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பலகையைக் குறுக்கே தள்ளிப் பனியைச் சுரண்டித் திரும்புவது. இதில் பனி வாரி இறைக்கப்படும்; வேகம் வீணாகும். மற்றொன்று, பலகையை அதன் விளிம்பின்மேல் சாய்த்து, விளிம்பு முழுவதும் ஒரே தடத்தில் ஓடும்படி விடுவது. முகப்பருகே விளிம்பு கீறிய கோட்டின்மேலேயே நடுப்பகுதியும் வாலும் செல்லும். இதையே கீறித் திரும்புதல் என்கிறோம். இதில் வேகம் அடுத்த வளைவுக்கு மிஞ்சுகிறது. திரும்பிப் பார்த்தால் சரிவில் பென்சிலால் இழுத்தாற்போல ஒரு மெல்லிய கோடு தெரியும். நீரில் இழுத்த கோடு உடனே மறைந்துவிடும். பனியில் இழுத்த கோடோ நின்று சாட்சி சொல்லும்.

வெட்டில் ஒளிந்திருக்கும் வட்டம்

ஒரு பழைய கோப்பு அட்டையை ஒரு சாண் நீளமும் நான்கு விரல் அகலமுமாக வெட்டிக்கொள்ளுங்கள். நீளப் பக்கங்கள் இரண்டையும் நடுவில் சற்றே உள்வாங்கும்படி வில்போல நறுக்குங்கள். அட்டையை ஒரு விளிம்பின்மேல் சாய்த்து மேசையில் வையுங்கள். இரு முனைகள் மட்டும் மேசையைத் தொடும். நடுவே இடைவெளி தெரியும். இப்போது நடுவில் விரலால் மெல்ல அழுத்தினால் அட்டை வளைந்து விளிம்பு முழுவதும் மேசையில் படியும். அவ்விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு ஒரு வட்டத்தின் வில்லாக இருக்கும். இன்னும் சாய்த்து அழுத்தினால் வட்டம் இன்னும் சிறிதாகும். விடுதி அறையில் இதைச் செய்து பார்த்த பிறகுதான் படித்தது எனக்கு உண்மையிலேயே புரிந்தது. சறுக்குபவர் பலகையைத் திசைதிருப்புவதில்லை; சாய்கிறார், அவ்வளவே. வளைவு முன்னரே பலகையின் பக்கத்தில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அவ்வட்டத்தின் ஆரம் என்ன? கோளமானி என்னும் மூன்று கால் கருவியைக் கொண்டு லென்சின் வளைவு ஆரத்தைக் கண்டோமே, அதே கணக்குதான். பலகை விளிம்பின் நீளத்தை வர்க்கப்படுத்தி, நடுவில் உள்வாங்கிய ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். விளிம்பின் நீளம் 1.2 மீட்டர், உள்வாங்கல் 2.25 செ.மீ. எனில் ஆரம் 8 மீட்டர். அதே நீளத்தில் உள்வாங்கலை 1.5 செ.மீ. ஆகக் குறைத்தால் ஆரம் 12 மீட்டராகிவிடும். முக்கால் சென்டிமீட்டர், அதாவது ஒரு சுண்டுவிரலின் அகலம்கூட இல்லை. வளைவோ ஒன்றரை மடங்காகிவிட்டது!

சாய்வும் வேகமும்

மிதிவண்டியில் வளைவில் திரும்பும்போது நாம் உட்புறம் சாய்கிறோம் அல்லவா? சாய்கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவிஈர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்த ஈவுக்குச் சமம். பனிப்பலகைக்கும் இவ்விதி பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மிதிவண்டியின் ஆரத்தைச் சாலை தீர்மானிக்கிறது. இங்கோ சாய்வே ஆரத்தைத் தீர்மானிக்கிறது. அட்டையில் பார்த்தபடி, சாயச் சாய வட்டம் சிறுக்கும். பனியில் விழும் வட்டத்தின் ஆரம், பலகையில் வெட்டிய ஆரத்தைச் சாய்கோணத்தின் கொசைனால் பெருக்கிய அளவாகும்.

8 மீட்டர்ப் பலகையில் 45 பாகை சாய்ந்தால் பனியில் விழும் ஆரம் சுமார் 5.7 மீட்டர். அதற்கு ஏற்ற வேகம் மணிக்கு சுமார் 27 கி.மீ. 60 பாகை சாய்ந்தால் ஆரம் 4 மீட்டர். வேகம் சுமார் 30 கி.மீ. இவ்விரு விதிகளையும் இணைத்தால் ஓர் எல்லை வெளிப்படுகிறது. பலகையின் ஆரத்தையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், அதற்கு மேற்பட்ட வேகத்தில் சுத்தமாகக் கீறித் திரும்ப இயலாது. 8 மீட்டர்ப் பலகைக்கு அவ்வெல்லை மணிக்கு சுமார் 32 கி.மீ.; 12 மீட்டர்ப் பலகைக்கு 39 கி.மீ. இக்கணக்கு சமதளத்துக்குரியது. சரிவிலும் குழைந்த பனியிலும் எண்கள் மாறும். ஆனால் வேகம் வேண்டுமெனில் ஆரம் பெரிதாக வேண்டும் என்னும் உண்மை மாறாது.

எல்லை மீறினால் என்ன ஆகும்? விளிம்பு பனியைப் பற்ற முடியாமல் பலகை பக்கவாட்டில் நழுவும், ஆள் விழுவார். இன்னொன்றையும் மறக்கலாகாது. 60 பாகைச் சாய்வில் கால்கள் தாங்க வேண்டிய விசை உடல் எடையைப் போல இரு மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் 120 கிலோவைச் சுமப்பவர்போல் அழுந்துகிறார். அந்த அழுத்தந்தான் பலகையை வளைத்து விளிம்பைப் பனியில் பதிக்கிறது.

தடிமனும் விறைப்பும்

அந்த அழுத்தத்துக்கு எவ்வளவு வளைய வேண்டும் என்பது அடுத்த வினா. சட்டத்தின் வளைவைக் கொண்டு யங் குணகம் காணும் பரிசோதனையில், இறக்கம் தடிமனின் கனத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதைக் கண்டோம். 7 மி.மீ. பலகையை 8 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ஒரு மில்லிமீட்டர் செய்யும் மாயம் இது. மெலிந்தவருக்கு விறைத்த பலகையைக் கொடுத்தால் அது வளையாமல் வெறும் கட்டையாகவே கிடக்கும். பருத்தவருக்குத் துவண்ட பலகையைக் கொடுத்தால் அது அளவுக்கு மீறி வளைந்து காலை வாரிவிடும்.

பலகையின் உள்ளே பாப்லர், பாலோனியா போன்ற மரங்களின் பட்டைகளை ஒட்டிச் செய்த உள்ளீடு இருக்கிறது. அது நடுவில் தடித்தும் இரு முனைகளை நோக்கி மெலிந்தும் இழைக்கப்படும். அதன் மேலும் கீழும் எப்பாக்சிப் பசையில் நனைத்த கண்ணாடி இழைத் துணி. அடியில் வழவழப்பான பாலிஎத்திலீன் தகடு. அதைச் சுற்றி எஃகு விளிம்பு. இவற்றை அடுக்கி அச்சில் வைத்து அழுத்த வேண்டும். வீட்டிலேயே பலகை செய்வோர் சிலர் தீயணைப்புக் குழாயில் காற்றடைத்து அழுத்துகிறார்கள்! சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ வீதம் 150 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலப் பரப்பில் அழுத்தினால் மொத்தம் 11 டன்னுக்கு மேலாகிறது. எனவே அழுத்தும் சட்டம் வலுவான இரும்பில் அமைய வேண்டும். இதில் அலட்சியம் ஆகாது.

காலணி தரும் தொல்லை

பலகையின் குறுக்கே நிற்பதால் குதிகாலும் கால்விரலும் விளிம்புக்கு வெளியே நீள்கின்றன. காலணி 30 செ.மீ., பலகை 25 செ.மீ. எனில் பக்கத்துக்கு 2.5 செ.மீ. நீளும். காலணியின் அடி, விளிம்புக்கு 3 செ.மீ. மேலே இருப்பதாகக் கொண்டால், 50 பாகை சாய்ந்ததும் காலணி பனியில் உரசும், விளிம்பு மேலெழும்பிவிடும். பலகையை 27.5 செ.மீ. அகலமாக்கினால் 67 பாகை வரை சாயலாம். கால்களைச் சற்று முன்னோக்கித் திருப்பிக் கட்டிக்கொள்வதும் உதவும். ஆயின், அகலம் கூடினால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுவது தாமதமாகும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும்.

முகப்பு 31 செ.மீ., வால் 28 செ.மீ. என வாலை ஒடுக்கினால் தூள்பனியில் முகப்பு மிதக்கும்; கெட்டிப்பனியில் வளைவின் முடிவில் வால் எளிதாக விடுபடும். ஆனால் வாலின் பிடிப்புச் சற்றுக் குறையும். இங்கும் அதே வாணிபந்தான்.

ஒருவருக்கென ஒரு பலகை

இவ்வளவும் கூறியது எதற்காக? எடை, காலணியின் நீளம், விரும்பும் வேகம், அம்மலையின் பனி என்னும் நான்கும் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. தொழிற்சாலையோ சராசரி மனிதனை எண்ணிப் பலகை செய்கிறது. அந்தச் சராசரி மனிதனை எந்தச் சரிவிலும் எவரும் கண்டதில்லை! ஆகவே தனக்கென ஒரு பலகை செய்துகொள்வதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. தன் உடலும் தன் மலையும் என்ன கேட்கின்றன என்பதை அறிந்து விடையளிப்பதே அது.

சூத்திரம் மட்டும் போதுமா எனில், போதாது. சூத்திரம் தருவது முதல் பலகையை மட்டுமே. அதைப் பனிக்கு எடுத்துச் சென்று, சறுக்கி, விட்டுச் சென்ற கோட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கோடு எங்கே தடித்திருக்கிறதோ அங்கே பலகை நழுவியிருக்கிறது. பட்டறைக்குத் திரும்பி அடுத்த பலகையில் அரை மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். அல்லது கூட்ட வேண்டும். கணக்கும் கைப்பழக்கமும் இங்ஙனம் மாறி மாறித் திருத்திக்கொள்ளும்போதுதான் நல்ல பலகை பிறக்கிறது.

தோழர்களே! அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் தடிமனை அளக்கும்போது மில்லிமீட்டரின் தசமப் புள்ளியை ‘சுமாராக இருக்கட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தசமத்தை நம்பித்தான் எங்கோ ஒரு வெண்மலைச் சரிவில் ஒருவர் தம் முழு எடையையும் ஒரு மெல்லிய எஃகு விளிம்பின்மேல் சாய்த்துக்கொண்டிருக்கிறார்.