கடைவீதிகளின் கதை – 7: தராசு யார் கையில்?

ஆக்ஸ்போர்டு நகரின் நடுப்புள்ளி கார்ஃபாக்ஸ் நாற்சந்தி. இன்று வங்கி இருக்கும் முனையில் 1355-ல் ஸ்விண்டில்ஸ்டாக் என்றொரு மதுக்கடை இருந்தது. அந்த வருடம் பிப்ரவரி 10-ம் தேதி, ஒயின் மட்டமாக இருக்கிறதென்று மாணவர்கள் சிலர் கடைக்காரரிடம் சண்டை பிடித்தார்கள். வார்த்தை தடித்தது, கோப்பையில் இருந்த ஒயின் அவர் முகத்தில் போய் விழுந்தது. ஊர்க்காரர்கள் புனித மார்ட்டின் தேவாலய மணியை அடித்து ஆள் சேர்க்க, பல்கலைக்கழகத்தார் புனித மேரி தேவாலய மணியை அடித்தார்கள். சுற்றுக் கிராமத்து ஆட்களும் வந்து இறங்கினார்கள். செத்த மாணவர்கள் 63 பேர், ஊர்க்காரர்கள் சுமார் 30 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

அடி வாங்கியது பல்கலைக்கழகம், ஜெயித்ததும் அதுதான். மூன்றாம் எட்வர்ட் மன்னர் கொடுத்த சாசனம், ரொட்டிக்கும் பீருக்கும் விலையும் தரமும் பார்க்கிற உரிமையையும், எடைக்கல்லையும் முகத்தலளவையையும் சோதிக்கிற உரிமையையும் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. சந்தையின் பெரிய வாடிக்கையாளரே அதற்கு அதிகாரியும் ஆனால் வியாபாரியின் கதி என்ன? போதாததற்கு, ஆண்டுதோறும் அதே பிப்ரவரி நாளில் மேயரும் 62 நகரத்தாரும் புனித மேரி தேவாலயத்துக்குப் போய்த் தலைக்கு ஒரு பென்னி கட்ட வேண்டும். இந்தத் தண்டம் 1825 வரை நீடித்தது!

சந்தை என்று தனிக் கட்டடம் அப்போது கிடையாது. வீதிதான் சந்தை. தானியம் கார்ன்மார்க்கெட்டில், மீன் இன்றைய செயின்ட் ஆல்டேட்ஸ் தெருவில், கறி இன்றைய குயின் ஸ்ட்ரீட்டில். ரத்தமும் செதிலும் மிதிபட, கல்லூரி அங்கி அணிந்தவர்கள் அதன் ஊடாகத்தான் நடக்க வேண்டும். 1771-ல் வந்த நகரச் சீரமைப்புச் சட்டம் கடைகளைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்த வழி செய்தது. மறுவருடம் ஒரு சந்தைக் குழு அமைந்தது. அதில் பாதிப் பேர் நகரத்தின் ஆட்கள், பாதிப் பேர் பல்கலைக்கழகத்தின் ஆட்கள். 20 கறிக்கடைகள் கட்ட 916 பவுண்டு 10 ஷில்லிங் என்ற மதிப்பீட்டுக்குக் குழு ஒப்புதல் தந்தது. மாக்டலன் பாலத்தை வடிவமைத்த ஜான் க்வின்தான் இதற்கும் கட்டடக் கலைஞர். 1774 நவம்பர் 1-ல் கவர்ட் மார்க்கெட் திறந்தது.

பழைய பகையை மறப்பதாக 1955-ல் இரு தரப்பும் விழா எடுத்து, மேயருக்குக் கௌரவப் பட்டமெல்லாம் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் சமாதானம் 1772-லேயே, கறிக்கடைச் செலவுக் கணக்கின் முன்னால் முடிந்துவிட்டது.

இன்று ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து கவர்ட் மார்க்கெட்டுக்குள் போனால் சந்து சந்தாகக் கடைகள். கேக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் சர்க்கரைப் பசையில் பூ இதழ்களை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருப்பார். வாங்க வந்தவர்களைவிட வேடிக்கை பார்ப்பவர்களே அதிகம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் கறிக்கடை வாசலில் முழு மான்கள் தலைகீழாகத் தொங்கும். சைவர்கள் அந்தச் சந்துக்குள் போகாமல் பாலாடைக்கட்டி விற்கும் பக்கம் திரும்பிவிடலாம். வாடகை வாங்குவது இப்போது நகர மன்றம். பல்கலைக்கழகத்துக்கு இங்கே வாடிக்கையாளர் வேலை மட்டும்தான்.

அடுத்த வாரம் பிராட் ஸ்ட்ரீட். 1879-ல் 12 அடிச் சதுர அறையில் தொடங்கிய பிளாக்வெல் புத்தகக் கடை, பக்கத்துக் கல்லூரியின் நிலத்துக்கு அடியில் புகுந்த கதை.