வாளேந்தியவன் கடன்

அரசன் சோறளித்தான், பட்டமளித்தான், வாளும் அளித்தான். அவ்வாளை அவன்மீதே திருப்புதல் அறமாகுமோ? செஞ்சோற்றுக் கடனை உயிரினும் பெரிதாகப் போற்றியது நம் மரபு. கும்பகருணனையும் கர்ணனையும் நாம் வியப்பது அதனாலேயே. ஆயினும், கொடுங்கோன்மையைக் கடிதற்குத் திருக்குறளில் தனி அதிகாரம் வகுத்ததும் அம்மரபே. கடன் பெரிதோ, அறம் பெரிதோ என்னும் இவ்வழக்கு ஏட்டளவில் நின்றதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கண்டி மாநகரில் குருதி சிந்தி நிகழ்ந்தது.

கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1798ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். நாயக்கர் குலத்தவன், தமிழ் வழங்கிய அரண்மனையில் வாழ்ந்தவன். நாம் கண்டு மகிழும் கண்டி வாவி அவன் அமைத்தது. ஆதலின் தமிழராகிய நமக்கு அவன்பால் ஒரு பரிவு தோன்றுதல் இயல்பே. அவன் கொடுமைகளை ஆங்கிலேயர் தம் படையெடுப்புக்கு நியாயம் தேடிப் பெருக்கியுரைத்தனர் என்பதும் உண்மையே. ஆனால், எத்துணை கழித்துப் பார்ப்பினும் ஒரு செயல் எஞ்சி நிற்கிறது.

1814ஆம் ஆண்டில், முதல் அதிகாரமும் சப்ரகமுவைத் திசாவையுமாயிருந்த எகலப்பொல, அரண்மனை அழைப்புக்கு இணங்காது கிளர்ந்தான். மொல்லிகொட நடத்திவந்த அரச படைக்கு ஆற்றாது கொழும்புக்கு ஓடினான். தலைநகரில் பிணையாக இருந்த அவன் மனைவி மக்கள் கொலைக்களத்துக்குக் கொணரப்பட்டனர். மூத்தவன் அஞ்சி ஒடுங்க, இளையவனாகிய மத்தும பண்டார தானே முன்வந்து கழுத்தை நீட்டினான் என்பது வழிவழி வரும் செய்தி. தாய் போகம்பரை நீரில் அமிழ்த்தப்பட்டாள்.

கிளர்ந்தவன் ஒருவன், ஒறுக்கப்பட்டோர் ஏதுமறியாப் பாலர். அக்கணமே தண்டம் கொலையாயிற்று. அரசாணை ஆணையென்னும் தகுதியை இழந்தது. அவ்வேளை படைத்தலைவர் செய்யத்தக்கது யாது? எழுச்சியின் முதற்படி வாளை ஓங்குவதன்று. ஓங்கிய வாளைத் தாழ்த்துவதாம். அதனை அன்று எவரும் செய்திலர். கைகட்டி நின்ற பிரதானிகளுட் பலர் மறு ஆண்டே ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தனர்; மொல்லிகொடவும் அவருள் ஒருவன்.

எகலப்பொலவோ அந்நியன் துணையை நாடினான். 1815 பெப்ரவரி 18ஆம் நாள் மன்னன் சிறைப்பட்டான். மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டான். அரியணையை எதிர்பார்த்த எகலப்பொலவுக்கு அரியணையே இல்லாது போயிற்று. 1818இல் ஐயத்தின்பேரில் காவலில் வைக்கப்பட்டு, 1825இல் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்ட அவன், 1829இல் அங்கு உயிர்நீத்தான். அவன் சினம் நியாயமானது. தேடிய துணையோ நாட்டையே விழுங்கிற்று.

இனி, அவன் மைத்துனனாகிய கெப்பெட்டிப்பொலவை நோக்குவோம். ஆங்கிலேயரின்கீழ் ஊவாத் திசாவையாயிருந்த அவன், 1817இல் அங்கு மூண்ட கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டான். கிளர்ச்சியாளர் அரசனாகக் கொண்டவன் நாயக்கர் குலத்துத் துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்டான் என்பது கருதத்தக்கது. நாயக்கரை நாடுகடத்திய ஒப்பந்தம் எழுந்து மூன்றாண்டு நிறையுமுன்னரே மக்கள் அப்பெயரை நாடினர்! கெப்பெட்டிப்பொலவும் அம்மக்கள் பக்கம் சேர்ந்தான். சேருமுன், ஆங்கிலேயர் தந்த துப்பாக்கிகளை அவர்களுக்கே திருப்பியனுப்பினான் என்பர். 1818 நவம்பர் 26ஆம் நாள் அவன் தலை துணிக்கப்பட்டது. எடின்பரோவுக்குக் கொண்டுபோகப்பட்ட மண்டையோடு 1954இல் மீண்டு வந்தது. அவன் நினைவுத்தூண் தலதா மாளிகைக்கு எதிரே நிற்கிறது.

பழைய வழக்குக்கு விடை இச்செயலில் உள்ளது. பெற்ற கருவியைத் திருப்பித் தந்தவன் கடன் தீர்த்தவனாகிறான். கடன் தீர்ந்தபின் அறத்தின் பக்கம் நிற்றல் துரோகமாகாது.

ஆயினும் ஓர் எல்லையுண்டு. 1962 ஜனவரியில் இலங்கையின் இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் சூழ்ந்தனர். அச்சூழ்ச்சி முன்னரே வெளிப்பட்டது. அவர்கள் வெறுத்த ஆட்சியோ 1965இல் மக்கள் வாக்கினாலேயே நீங்கிற்று. வாக்குச்சீட்டுப் போதுமாயிருக்கும் இடத்தில் வாளுக்கு வேலையில்லை.

மறுபுறம், தாழ்த்தலும் பிழையாம். ஜெர்மனியில் படையினர் 1934 முதல் ஹிட்லரின் பெயராலேயே சத்தியம் செய்தனர். அதனை மீறத் தயங்கினோர் பலர். ஸ்டாஃபன்பெர்க் என்னும் படையதிகாரி 1944 ஜூலை 20இல் குண்டு வைத்தபோது, இலட்சோபலட்சம் உயிர்கள் போயிருந்தன.

எனவே வாளேந்தியவன் தன்னை மூன்று கேட்கவேண்டும்: கொல்லப்படுவோர் குற்றமற்றோரா? வேறு வழிகள் அடைபட்டனவா? கொடியவன் வீழ்ந்தபின் ஆட்சி எவர் கைக்குப் போகும்? முன்னிரண்டுக்கும் ஆமென்னும் விடையும், மூன்றாவதற்கு மக்கள் கைக்கு என்னும் விடையும் வந்தபின் அவன் வாளாவிருப்பின், கொலையில் அவனுக்கும் பங்குண்டு. எகலப்பொல மூன்றாம் வினாவைக் கேட்டிலன். அதற்கு நாடு கொடுத்த விலை, 1948 வரை நீண்ட அடிமை வாழ்வு.