பனி விழுவதில்லை

நீலகிரியின் அரவேணுவில் மார்கழி விடியலில் தேயிலைக் கொழுந்தின் மேல் நிற்பது பெரும்பாலும் நீர்ப்பனிதான். செடியை உரசினால் சட்டை நனையும், அவ்வளவே. உறைபனியைப் படமெடுக்க வேண்டுமானால் இருட்டோடு கிளம்பி, கோத்தகிரி, ஊட்டி தாண்டி, நாற்பது கிலோமீட்டர் போலப் போய்த் தலைகுந்தாவில் நிற்க வேண்டும். அங்கே புல்வெளி உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

முன்பனி, பின்பனி என்று ஆண்டில் நான்கு மாதத்தைப் பனிக்கே எழுதிவைத்தவர்கள் நாம். ஆனால் புல்லில் நிற்கும் துளி, சாலையை மறைக்கும் மூட்டம், இமயத்தில் பொழிவது எல்லாமே பேச்சில் பனிதான். அதனால் 'ஊட்டியில் பனி கொட்டுது' என்று கேள்விப்பட்டு வந்து வானத்தைப் பார்த்து நிற்பவர்கள் உண்டு. உறைபனி மேலிருந்து விழுவதில்லை, இலைமேலேயே முளைக்கிறது.

மேகமும் காற்றும் இல்லாத இரவில், புல்லும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் போர்வை மாதிரி கொஞ்சத்தைத் திருப்பித் தரும். இல்லாவிட்டால் போனது போனதுதான். ஆளுயரத்தில் மாட்டிய வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே தரையோரப் புல் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கலாம். அந்தப் புல்லைத் தொடும் நீராவி, தண்ணீராகாமல் நேரே படிகமாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சிக்கு ஏறுவதைவிட, பள்ளத்துப் புல்வெளியைத் தேடுவதே புத்தி.

போனதும் எல்லோரும் முழு வெளியையும் ஒரே படத்தில் அடக்கப் பார்ப்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மைதானம். சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, ஒரே ஒரு க்ளோவர் இலையைப் பாருங்கள். படிகம் முதலில் பிடிப்பது விளிம்பையும் நரம்பையும் மயிரையும்தான். அதன் மூன்று சிற்றிலைக்கும் வெள்ளை ஜரிகைக் கரை. நடுவில் பச்சை அப்படியே. மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், பட்டால் கரைந்துவிடும். சூரியன் எழுந்ததும் நிழலின் எல்லைக்கோடு புல்வெளியில் நகர்ந்து வரும். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஈரம், இந்தப் பக்கம் வெள்ளை. அது நம் இலைக்கு வந்து சேரும் கணத்தில், வெயிலை எதிரே வைத்து எடுத்தால் ஒவ்வொரு ஊசியும் தனித்தனியே எரியும். பிறகு சில நிமிஷம்தான். மாற்று பேட்டரி பேன்ட் பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

கேமராவுக்கு வெள்ளை தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போட்டு, உறைபனியைத் துவைக்காத வேட்டி நிறத்தில் தரும். எக்ஸ்போஷரை +1 வரை ஏற்ற வேண்டும். ஏற்றிய பின் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டினால் படிகத்தின் நுணுக்கம் போச்சு, எந்த எடிட்டிங்கும் மீட்டுத் தராது. ரா ஃபைலாக எடுத்தால் ஒயிட் பேலன்ஸைப் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம். நிழலில் இருக்கும் பனியில் வானத்தின் நீலம் படிந்திருக்கும். அதை முழுக்கத் துடைத்தால் குளிரும் போய்விடும், கோலமாவு கொட்டிய படமாகிவிடும். கிளாரிட்டியை இழுத்துவிடுவதும் இதே பாவம்தான்.

எடிட்டிங்கே ஏமாற்று என்பவர்களுக்கு வில்சன் பென்ட்லியைச் சொல்வேன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி. நுண்ணோக்கியோடு கேமராவைப் பூட்டி, 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தவர். வாழ்நாளில் 5,000-க்கும் மேல். வெள்ளைப் பின்னணியில் படிகம் எடுபடாததால், நெகட்டிவில் அதைச் சுற்றியிருந்த பூச்சைச் சுரண்டி எடுத்துப் பின்னணியைக் கறுப்பாக்கினார்.

நீலகிரியில் இன்னொரு படமும் உண்டு. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் போர்த்தி உறைபனியிலிருந்து காப்பாற்றுகிறார்கள். ஏக்கர் கணக்கில் தேயிலை வைத்திருப்பவர் எவ்வளவுதான் போர்த்துவார்? உறைந்த கொழுந்து வெயில் பட்டதும் துவண்டு, இரண்டு மூன்று நாளில் தீய்ந்த பழுப்பாகிவிடும். ஒருமுறை வெள்ளையாக எடுத்த அதே செடியைத் தேடிப்போய், நான்காம் நாள் மறுபடி எடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதை எதுக்குங்க எடுக்கறீங்க? அன்னிக்கு நல்லா இருந்துச்சே, அதைத்தான எல்லாரும் கேப்பாங்க?"